ஆன் ஆகாத கம்ப்யூட்டர்: கரண்ட் எங்கே நிற்கிறது?

பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். வழக்கமாகக் கேட்கும் ஃபேன் சத்தம் இல்லை. மானிட்டரில் வெளிச்சம் இல்லை. இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக அழுத்துகிறீர்கள். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு நாள் இந்த அனுபவம் வந்தே தீரும். உடனே மனதில் இரண்டு கேள்விகள் எழும். எவ்வளவு செலவாகும்? உள்ளே வைத்திருந்த ஃபைல்கள் எல்லாம் போய்விட்டனவா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் போயிருக்காது. உங்கள் ஃபைல்கள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். கரண்ட் வராததால் கம்ப்யூட்டர் எழவில்லை என்றால், ஹார்ட் டிஸ்க் தன் இடத்தில் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். முதல் கேள்விக்கான பதில், பழுது எங்கே என்பதைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்க நீங்கள் என்ஜினீயராக இருக்க வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். கல்லூரி மாணவர்களுக்கு ஆய்வேடு டைப் செய்து கொடுப்பவர். ஒரு சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, "தம்பி, கம்ப்யூட்டர் ஆன் ஆகி உடனே ஆஃப் ஆயிடுது. கடையில காட்டினேன், மதர்போர்டு போயிடுச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. திங்கட்கிழமை ஒரு பொண்ணுக்கு ஆய்வேடு கொடுக்கணும், எல்லாம் உள்ளதான் இருக்கு" என்றார். மதர்போர்டை மாற்றினால் அதற்கேற்ற பிராசசரும் ராமும் கூடவே மாற வேண்டியிருக்கும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அவர் டைப் செய்து மாதக்கணக்கில் சேர்த்த பணம் அது. அவருடைய கம்ப்யூட்டரில் கடைசியில் என்ன இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். எந்த வழியில் தேடினோம் என்பதைத்தான் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

வழி மிக எளிது. சுவரில் இருக்கும் ப்ளக் பாயின்டில் தொடங்கி மதர்போர்டு வரை கரண்ட் எந்த வழியில் வருகிறதோ, அதே வழியில் நாமும் ஒவ்வொரு படியாக வர வேண்டும். எந்த இடத்தில் கரண்ட் நின்றுபோயிருக்கிறதோ அங்கேதான் பழுது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் கேபினெட்டைத் திறக்கிறார்கள், ராமைக் கழற்றுகிறார்கள். கடைசியில் பார்த்தால் ப்ளக் லூஸாக இருந்திருக்கும்.

சுவரில் தொடங்குங்கள்

கம்ப்யூட்டர் செருகியிருக்கும் அதே பாயின்டில் ஒரு டேபிள் லைட்டையோ டேபிள் ஃபேனையோ செருகிப் பாருங்கள். செல்போன் சார்ஜர் வேண்டாம். அது மிகக் குறைந்த கரண்டில் வேலை செய்யும் என்பதால், லூஸ் காண்டாக்ட் உள்ள பாயின்டிலும் "சார்ஜ் ஆகிறது" என்று காட்டிவிடும். ப்ளக்கை உருவி அதன் பின்களைப் பாருங்கள். கருகிய அடையாளமோ பிளாஸ்டிக் இளகிய தடமோ இருந்தால் அந்தப் பாயின்டை இனிப் பயன்படுத்தக் கூடாது.

அடுத்து, ஒரே பாயின்டில் பல ப்ளக்குகளைச் செருக நாம் வாங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சிலவற்றில் ஒரு சிறிய ஃபியூஸோ, கறுப்பாக ஒரு ரீசெட் பட்டனோ இருக்கும். அது தட்டி விழுந்திருந்தால் சிவப்பு விளக்கு எரியாது. பட்டனை உள்ளே அழுத்தினால் போதும். சந்தேகம் இருந்தால் பாக்ஸை ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள்.

யு.பி.எஸ். வைத்திருந்தால் அதையும் இதே போல ஒதுக்கிப் பாருங்கள். வீட்டு யு.பி.எஸ்.களில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி. வெப்பமான நம் ஊரில் இரண்டு மூன்று ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும். பேட்டரி முழுதாகச் செத்துவிட்டால், சுவரில் கரண்ட் இருந்தும் சில யு.பி.எஸ்.கள் ஆன் ஆவதில்லை. அப்போது பழி கம்ப்யூட்டர் மீது விழுகிறது. ஒரு குறிப்பு: லேசர் பிரின்டரை யு.பி.எஸ்.ஸில் செருகாதீர்கள். அதன் உள்ளே இருக்கும் ஹீட்டர் இழுக்கும் கரண்டை வீட்டு யு.பி.எஸ். தாங்காது.

கேபினெட்டின் பின்னால் செருகும் பவர் கார்டையும் கவனியுங்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பல ஆண்டுகள் செருகி உருவியதில் உள்ளே இருக்கும் பித்தளைப் பற்கள் விரிந்துபோயிருக்கும். மானிட்டரிலும் பெரும்பாலும் அதே மாதிரி கார்டுதான் இருக்கும். இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். பைசா செலவில்லாத சோதனை இது.

சின்ன சிவப்பு ஸ்விட்ச்

கேபினெட்டின் பின்பக்கம், கார்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு ஆன்/ஆஃப் ஸ்விட்ச் இருக்கலாம். வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது ஆஃப் ஆகியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய கம்ப்யூட்டர்களில் இன்னொன்றும் இருக்கும். 115 / 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச். இதைத் தொடவே தொடாதீர்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்கா போன்ற நாடுகளில் அதில் ஏறத்தாழ பாதிதான். இந்த ஸ்விட்சை 115-இல் வைத்து நம் பாயின்டில் செருகினால் என்ன ஆகும்? என் முதல் கம்ப்யூட்டரில், விருந்துக்கு வந்த உறவுக்காரப் பையன் ஒருவன் பேனா முனையால் அதை நகர்த்திவிட்டான். நான் கவனிக்காமல் ஆன் செய்தேன். "டப்" என்று ஒரு சத்தம், ஒரு கருகல் வாடை, பிறகு அமைதி. பவர் சப்ளையோடு போனது என் நல்ல காலம். இப்போது வரும் பல பவர் சப்ளைகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாமாகவே ஏற்றுக்கொள்கின்றன. அவற்றில் இந்த ஸ்விட்ச் இருக்காது.

தொட்டால் சுர்ரென்கிறதா?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். "கம்ப்யூட்டர் வேலை செய்கிறது, ஆனால் பெட்டியைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது" என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கலாம். டெஸ்டரை கேபினெட்டில் வைத்தால் விளக்கும் எரியும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் அங்கே கெட்டிருப்பது வீட்டின் எர்த்.

பவர் சப்ளையின் நுழைவாயிலில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் இருக்கின்றன. ஒன்று ஃபேஸ் வயரிலிருந்தும், மற்றொன்று நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டின் உலோகத்துக்கு இணைக்கப்பட்டிருக்கும். மூன்றாவது பின் வழியாக எர்த் சரியாக இருந்தால், இவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால், கேபினெட் இரண்டு வயர்களுக்கும் நடுவில் தொங்கும். அதாவது 230-இல் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட் அதில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நின்றுவிடுகிறது.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. பிரின்டர், டிவி போன்றவற்றின் கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகும்போது இந்த மின்னழுத்தம் அந்த போர்ட் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கலாம். இது சின்ன ஆபத்து. பெரிய ஆபத்து, ஒரு நாள் உள்ளே நிஜமாகவே ஃபேஸ் வயர் கேபினெட்டில் பட்டுவிட்டால், கரண்ட் போவதற்கு எர்த் வழி இல்லை. தொடுகிறவரின் உடல்தான் வழி. மூன்று பின் ப்ளக்கை இரண்டு பின் பாயின்டில் செருகுவதற்காக ஒரு அடாப்டர் விற்கிறார்கள். எர்த்தைத் துண்டித்துவிடும் அந்த அடாப்டர் கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டில் வேண்டாம். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் செருகுவதும் அதே தப்புதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். உப்பும் கரியும் போட்டுத் தோண்டிய பழைய எர்த் குழி என்றால், கோடையில் மண் காய்ந்து எர்த் பலவீனமாகிவிடும். அவ்வப்போது குழியில் தண்ணீர் ஊற்றுவது நம் ஊரில் பெரியவர்கள் செய்துவந்த வேலைதான்.

எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டி

சுவரிலிருந்து கேபினெட் வரை எல்லாம் சரி. இப்போது அடுத்த படி. கார்டு செருகும் இடத்தில் உள்ளே இருக்கும் தகரப் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி.யை 12, 5, 3.3 வோல்ட் டி.சி.யாக மாற்றித் தருவது இதன் வேலை. இன்டெல் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்ற வரையறையைத்தான் பெரும்பாலான டெஸ்க்டாப்கள் இன்னும் பின்பற்றுகின்றன. அதனால் வயர்களின் நிறங்களைத் தெரிந்துகொள்வது பயன்படும். மஞ்சள் 12 வோல்ட். சிவப்பு 5 வோல்ட். ஆரஞ்சு 3.3 வோல்ட். கறுப்பு எல்லாமே கிரவுண்டு. இவை தவிர ஊதா, பச்சை, சாம்பல் என்று ஒவ்வொரு வயர் உண்டு. பழுது பார்ப்பவருக்கு முக்கியமானவை இந்த மூன்றும்தான்.

ஊதா வயரில், நீங்கள் ஷட்டவுன் செய்த பிறகும் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். சுவர் ஸ்விட்ச் ஆனில் இருக்கும் வரை மதர்போர்டு முழுதாகத் தூங்குவதில்லை, அரைக்கண் திறந்து காத்திருக்கிறது. நீங்கள் பவர் பட்டனை அழுத்தும்போது மதர்போர்டு பச்சை வயரைக் கிரவுண்டோடு இணைக்கிறது. அதுதான் "எழுந்திரு" என்று எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் கட்டளை. எஸ்.எம்.பி.எஸ். எழுந்து, தன் எல்லா வோல்டேஜும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் சாம்பல் வயர் வழியாக "எல்லாம் சரி" என்று பதில் சொல்கிறது. அந்தப் பதில் வந்த பிறகுதான் பிராசசர் வேலையைத் தொடங்கும். பதில் வராவிட்டால் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நிற்கலாம், அல்லது சுற்றிக்கொண்டே இருந்தும் திரையில் ஒன்றும் வராமல் போகலாம்.

இதிலிருந்து ஒரு எளிய அடையாளம் கிடைக்கிறது. பல மதர்போர்டுகளில், கரண்ட் வந்தவுடன் எரியும் ஒரு சிறிய எல்.இ.டி. இருக்கும். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். அது எரிந்தால் ஊதா வயரின் 5 வோல்ட் வந்துவிட்டது, சுவர் முதல் எஸ்.எம்.பி.எஸ். வரை வழி திறந்திருக்கிறது. தகட்டைக் கழற்றும்போதும் உள்ளே கை வைக்கும்போதும் ப்ளக்கை உருவிவிட வேண்டும். பார்ப்பதற்கு மட்டும் மறுபடி செருகலாம், அப்போது கை வெளியே இருக்கட்டும்.

பேப்பர் கிளிப் சோதனை

எல்.இ.டி. இல்லை, அல்லது எரியவில்லை. எஸ்.எம்.பி.எஸ். உயிரோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மெக்கானிக்குகள் செய்யும் சோதனையை நீங்களும் செய்யலாம். ப்ளக்கை உருவிவிடுங்கள். மதர்போர்டில் செருகியிருக்கும் பெரிய கனெக்டரை, பக்கத்தில் உள்ள கொக்கியை அழுத்தி வெளியே எடுங்கள். பழைய கம்ப்யூட்டர்களில் அதில் 20 ஓட்டைகள், பின்னால் வந்தவற்றில் 24. பிராசசர் பக்கத்தில் செருகிய 4 அல்லது 8 ஓட்டைக் கனெக்டரையும், ஹார்ட் டிஸ்க் வயர்களையும் கழற்றுங்கள். ஒரு பழைய சி.டி. டிரைவோ கேபினெட் ஃபேனோ மட்டும் இணைந்திருக்கட்டும். சில எஸ்.எம்.பி.எஸ்.கள் எந்தச் சுமையும் இல்லாவிட்டால் ஓடாது. இப்போது ஒரு பேப்பர் கிளிப்பை யு வடிவத்தில் வளைத்து, பச்சை வயர் ஓட்டையையும் அதன் பக்கத்தில் உள்ள ஒரு கறுப்பு வயர் ஓட்டையையும் இணையுங்கள். கையை எடுத்துவிட்டு, ப்ளக்கைச் செருகி ஸ்விட்சைப் போடுங்கள்.

ஃபேன் சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ். எழுகிறது என்று அர்த்தம். சுற்றாவிட்டால் அது செத்துவிட்டது என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். சில புதிய எஸ்.எம்.பி.எஸ்.களின் சொந்த ஃபேன், சூடு ஏறும் வரை சுற்றாது. அதனால்தான் கேபினெட் ஃபேனையோ டிரைவையோ இணைக்கச் சொன்னேன். உங்களுடையதில் எல்லா வயர்களும் ஒரே கறுப்பாக இருந்தாலோ, கனெக்டர் மேலே சொன்ன வடிவில் இல்லாவிட்டாலோ, ஊகித்துக் கிளிப்பைச் செருகாதீர்கள். சில பிராண்டட் கம்ப்யூட்டர்களில் கனெக்டரே வேறு. அந்தச் சோதனையைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம்.

சில நூறு ரூபாயில் ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். அது இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே 11.4 முதல் 12.6 வோல்ட் வரை இருக்கலாம். சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை. அதாவது ஐந்து சதவீதம் முன்னே பின்னே. இதற்கு வெளியே போனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்ற வேண்டியதுதான்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. சேர்ந்திருக்கும். ப்ளக்கை உருவிய பிறகும் அது சிறிது நேரம், சில பழுதுகளில் நீண்ட நேரம் அங்கேயே நிற்கும். "உள்ளே ஒரு ஃபியூஸ் இருக்கிறது, மாற்றினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். ஃபியூஸ் சும்மா போவதில்லை. வேறு ஏதோ ஷார்ட் ஆனதால்தான் போகிறது. புதுசு மாட்டினால் அதுவும் போகும்.

விளையாடும்போது மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதே!

இது இன்னொரு வகைப் பழுது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும், லெட்டர் டைப் செய்யலாம், பாட்டுக் கேட்கலாம். ஒரு பெரிய 3டி விளையாட்டைத் தொடங்கினால் மட்டும் பட்டென்று அணைந்து திரும்ப எழும். வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி மறுபடி இன்ஸ்டால் செய்பவர்கள் உண்டு.

விண்டோஸ் எக்ஸ்பி வரை கூடவே வந்த பின்பால் விளையாட்டைப் பலர் ஆடியிருப்பீர்கள். நிஜமான பின்பால் இயந்திரம், கண்ணாடி மூடிய ஒரு பெரிய சாய்வு மேசை. இரும்புக் குண்டு உருண்டு வரும்போது, பக்கவாட்டு பட்டன்களை அழுத்தினால் ஃபிளிப்பர் எனப்படும் இரண்டு துடுப்புகள் அதைத் தட்டி மேலே அனுப்பும். அமெரிக்காவில் வில்லியம்ஸ் நிறுவனம் 1990-களில் தயாரித்த இயந்திரங்களை வீட்டில் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு மிகப் பழக்கமான ஒரு பழுது உண்டு. சும்மா நிற்கும்போது இயந்திரம் நன்றாக இருக்கும். ஆட்டத்தின் நடுவே இரண்டு ஃபிளிப்பர்களையும் ஒரே நேரத்தில் அழுத்தினால், ஸ்கோர் எல்லாம் மறைந்து இயந்திரம் புதிதாகத் தொடங்கும். காரணம், ஃபிளிப்பரை இழுக்கும் காந்தச் சுருள்கள் ஒரு கணம் மிகப் பெரிய கரண்டை இழுக்கின்றன. இயந்திரம் முழுக்கவும் மின்னழுத்தம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குத் தாழ்கிறது. அந்த இயந்திரத்தின் மூளையான சின்ன கம்ப்யூட்டருக்கு 5 வோல்ட் தேவை. வயதான ரெக்டிஃபையரும் வற்றிப்போன கெபாசிட்டரும், லூஸான ஒரு கனெக்டரும் சேர்ந்து, அந்த 5 வோல்ட்டை ஏற்கெனவே விளிம்பில் வைத்திருக்கும். இன்னும் கொஞ்சம் தாழ்ந்தவுடன், பாதுகாப்புச் சுற்று மூளையை ரீசெட் செய்துவிடுகிறது.

உங்கள் கம்ப்யூட்டரிலும் நடப்பது பெரும்பாலும் இதேதான். ஃபிளிப்பருக்குப் பதிலாக இங்கே கிராஃபிக்ஸ் கார்டு. விளையாட்டு தொடங்கியவுடன் அதுவும் பிராசசரும் சேர்ந்து 12 வோல்ட் வயரில் திடீரென்று கரண்டை இழுக்கின்றன. தளர்ந்த எஸ்.எம்.பி.எஸ். அதைத் தாங்காமல் சாய்கிறது. சாம்பல் வயரின் "எல்லாம் சரி" சிக்னல் நின்றதும் கம்ப்யூட்டர் ரீசெட் ஆகிறது. அதனால் மல்டிமீட்டரால் பார்ப்பதென்றால் விளையாட்டு ஓடும்போது பார்க்க வேண்டும். சும்மா நிற்கும்போது பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். மிக வேகமான சாய்வை மீட்டர் காட்டாமலும் போகலாம். அப்போது நண்பரிடமிருந்து ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி.

விண்டோஸிடமும் கேட்கலாம். விண்டோஸ் 7-உம் அதற்குப் பின் வந்தவையும் திடீரென்று அணைந்து எழுந்தால், ஈவென்ட் வியூவரில் "கெர்னல்-பவர் 41" என்று ஒரு குறிப்பு எழுதி வைக்கும். முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பது மட்டும்தான் அதன் பொருள், காரணத்தை அது சொல்லாது. நீலத் திரை வந்து ரீஸ்டார்ட் ஆகிறதா, வராமலே அணைகிறதா என்பதைப் பார்ப்பது இதைவிட முக்கியம். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில், அட்வான்ஸ்டு டேபில், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி பகுதியில், தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதிக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீலத் திரை வந்தால் நின்றுகொண்டிருக்கும், அதில் உள்ளதை எழுதிக்கொள்ளலாம். அது டிரைவர், ராம் போன்றவற்றின் பிரச்சினையாக இருக்கலாம். நீலத் திரையே இல்லாமல் பட்டென்று அணைந்தால் சந்தேகம் பவர் பக்கம் திரும்பட்டும். பத்து இருபது நிமிடம் ஓடிய பிறகே அணைகிறது என்றால், எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பார்ப்பதற்கு முன் பிராசசர் மேல் உள்ள ஃபேனைப் பாருங்கள். தூசி அடைத்துச் சூடு ஏறினாலும் கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும்.

மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி நிற்கும் சிறிய உருளைகள் கெபாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் ஏதேனும் கசிந்திருந்தாலோ கடைக்காரர் சொல்வதை நம்பலாம், அது மதர்போர்டு பழுதுதான். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகள் பல, தரமற்ற கெபாசிட்டர்களால் உலகம் முழுக்க இப்படிச் செத்தன.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

லேபிளில் 450 வாட், 500 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து எஸ்.எம்.பி.எஸ். வாங்காதீர்கள். அதே லேபிளில் சிறிய எழுத்தில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். 15 ஆம்பியர் என்றால் 180 வாட். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் உண்பது இதைத்தான். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கையில் தூக்கிப் பாருங்கள், நல்ல ஒன்றையும் தூக்கிப் பாருங்கள். எடையே பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

கடைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால், முக்கியமான ஃபைல்கள் உள்ள ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பவர் பழுதைச் சரிபார்க்க அது தேவையில்லை. என்ன செய்தபோது அணைந்தது, எத்தனை நொடியில் அணைந்தது, பீப் சத்தம் வந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த "எத்தனை நொடி" என்பதுதான் அக்காவின் கம்ப்யூட்டரைக் காப்பாற்றியது.

நான்கு நொடி

அவர் வீட்டில் சுவர், யு.பி.எஸ்., கார்டு எல்லாம் சரியாக இருந்தன. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றியது, மானிட்டரில் கம்பெனி பெயர் கூட வந்தது, பிறகு அணைந்தது. மறுபடி அழுத்தினோம், மறுபடியும் அப்படியே. மூன்றாவது முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் சரியாக நான்கு நொடி.

எஸ்.எம்.பி.எஸ். தளர்ந்திருந்தால் நேரம் இவ்வளவு கச்சிதமாக இருக்காது. விண்டோஸ் உறைந்துபோனால் நாம் என்ன செய்கிறோம்? பவர் பட்டனை நான்கு நொடி விடாமல் அழுத்திப் பிடிக்கிறோம், கம்ப்யூட்டர் அணைகிறது. அவருடைய பெட்டியில் அந்த பட்டனை விரல் விட்டபிறகும், பட்டன் விடவில்லை. தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து உள்ளே அழுந்தியபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. மதர்போர்டு, யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து, தன் கடமையைச் சரியாகச் செய்தது!

ப்ளக்கை உருவிவிட்டு, முன்பக்கத்திலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய வயர்களில் பவர் ஸ்விட்ச் என்று எழுதியிருந்ததைக் கழற்றினேன். மறுபடி ப்ளக்கைச் செருகி, அந்த இரண்டு பின்களையும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டேன். வேறு பின்னில் படக் கூடாது, அதனால் மதர்போர்டு புத்தகத்தில் இடத்தைப் பார்த்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் எழுந்தது. நான்கு நொடி ஆனது, எட்டு ஆனது, விண்டோஸ் வந்தது. அக்கா முதல் வேலையாக ஆய்வேட்டை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்தார். "இவ்வளவுதானா தம்பி?" என்று இரண்டு முறை கேட்டார்.

பட்டனைச் சுத்தம் செய்தும் பார்த்தோம். அதன் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அதே மாதிரி பட்டன் கடையில் கிடைக்கவில்லை. அதனால் பக்கத்தில் இருந்த ரீசெட் பட்டனின் வயரை எடுத்து, பவர் ஸ்விட்ச் பின்களில் செருகிவிட்டேன். இரண்டும் ஒரே வகை ஸ்விட்ச்தான். இன்றும் அவர் தன் கம்ப்யூட்டரை ரீசெட் பட்டனை அழுத்தித்தான் ஆன் செய்கிறார். பழைய பவர் பட்டன் மேல் யாரும் தொடாமலிருக்க ஒரு செல்லோ டேப் ஒட்டியிருக்கிறார்.